இருபத்தொரு நாள் இறைத்த கிணறு

உங்கள் கிணற்றில் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், மிதக்கிறது. அதில் முள் ஒன்று ஏறியிருக்கிறது. பொய் சொல்லாமல் சொல்லுங்கள்: முதலில் உங்கள் நினைவுக்கு வருவது மரமா, ஒரு மனிதரின் முகமா?

மரம்தான் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கோப்பாயின் கிழக்கே, கடல்நீரேரிக்குப் போகும் ஒழுங்கையில் பேக்கரி வைத்திருக்கும் பஞ்சலிங்கத்தைச் சாதாரண நாளில் கேட்டிருந்தால் அவரும் மரம் என்றுதான் சொல்லியிருப்பார். உயர்தரத்தில் கணிதம் படித்தவர். கிணற்றுக்கு இரண்டு பாகத் தூரம் தள்ளி, அவருடைய காணியிலேயே, தேசி மரம் நிற்கிறது. ஆடி மாதம், சோளகக் காற்று சுழன்று அடிக்கிற காலம். இத்தனை இருந்தும் அவருக்கு நினைவில் வந்தது தங்கச்சி கமலாவதியின் முகம்.

இது கமலாவதியைப் பற்றிய கதை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தகப்பன் அருட்பிரகாசம் தொடங்கிய பேக்கரியில், விறகு எரித்துப் பாண் சுடும் போறணை அடுப்புக்கு முன்னால், முப்பத்து மூன்று வருடங்களாக நிற்கிறார். மா மூட்டை வருவதே அதிசயமாக இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், போறணை பார்த்தவர் வன்னிக்குப் போய்விட்டார். தகப்பன் மகனை நிறுத்திப் பார்த்தார். பஞ்சலிங்கம் இரண்டு நாளில் மூன்று அடுப்புப் பாணைக் கருக்கினார். கிடைத்த ஒரே மூட்டையும் போய்விடுமே என்ற பயத்தில், பத்தொன்பது வயது மகள் நீளக் கைப்பிடிப் பலகையை வாங்கித் தானே உள்ளே தள்ளினார். அன்றிலிருந்து பாண் வாங்க வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

"இண்டைக்கு ஆர் சுட்டது? தங்கச்சியோ, தமையனோ?"

தங்கச்சி என்றால் வாங்கினார்கள். தமையன் என்றால், "பேந்து வாறம்" என்று போனார்கள். பஞ்சலிங்கத்தின் மனதில் விழுந்த முதல் காயம் இதுதான். அது ஆறவே இல்லை.

கமலாவதி கலியாணம் செய்யவில்லை. பேசி வந்த இரண்டு இடமும், "பேக்கரியில நிண்ட பெட்டை" என்று விட்டுப்போயின. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தனித்த பெண்ணை நம் ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலில் முன்வரிசையில் நின்றால் ஒரு பேச்சு, பின்வரிசையில் நின்றால் இன்னொரு பேச்சு.

அருட்பிரகாசம் சாகும் முன் உறுதி எழுதினார். போறணையும் அதை ஒட்டிய அறையும் மகளுக்கு. வீடும் கடையும் பாண் விற்கும் ஓட்டோக்களும் மகனுக்கு. கிணறு இருவருக்கும் பொது. ஒருவரில்லாமல் மற்றவர் பிழைக்க முடியாதபடி கட்டிவிட்டால் சேர்ந்திருப்பார்கள் என்று கிழவர் நம்பினார். கட்டிவைத்தால் சேர்வார்கள் என்று நம்புவது நம் பெரியவர்களுக்குப் பழகிப்போன தவறு. இருவரும் பிரியவில்லை, பிரியாமலே பகைத்தார்கள். ஓட்டோ ஓட்டும் சுபாஸ் நடுவில் நிற்க வேண்டும். மூவரும் ஒரே அறைக்குள் நின்றுகொண்டு இப்படிக் கதைப்பார்கள்:

"சுபாஸ், உன்ரை முதலாளியிட்டைச் சொல்லு, விறகு ஈரம் எண்டு."

"சுபாஸ், போறணைக்காரியிட்டைச் சொல்லு, எரிக்கத் தெரிஞ்சவைக்கு ஈரமும் எரியும் எண்டு."

"அக்கா, அண்ணை சொல்லுறார்…"

"எனக்குக் காது கேக்கும்!" என்று இருவரும் ஒன்றாகக் கத்துவார்கள்.

இந்த நிலையில்தான் போன ஆடியில் அந்தத் தேசிக்காய் மிதந்தது. முதலில் கண்டவர் பஞ்சலிங்கத்தின் மனைவி குணலட்சுமி.

"இஞ்சருங்கோ! கிணத்துக்கை பாருங்கோ, ஊசி குத்தின தேசிக்காய்!"

அது ஊசியல்ல, முள். ஆனால் அதை எடுத்துப் பார்க்க ஒருவரும் துணியவில்லை. அந்தக் கிழமை ஒரு ஓட்டோ பழுதானது. பஞ்சலிங்கத்துக்குக் காய்ச்சலும் வந்தது. ஆடியில் யாருக்குக் காய்ச்சல் வருவதில்லை? இருந்தாலும் கணவனும் மனைவியும் செய்வினை எடுக்கும் ஒருவரிடம் போனார்கள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கடை வளவுக்கை தனிய இருக்கிற பொம்பிளை ஆரும் உண்டோ?"

போரில் ஆண்களைப் பறிகொடுத்த இந்தக் குடாநாட்டில் எந்த வளவில் தனித்த பெண் இல்லை? குருடன் கல் எறிந்தாலும் விழுகிற இடம் அது. ஆனால் பஞ்சலிங்கம் வாய்பிளந்து நின்றார். பரிகாரமும் கிடைத்தது: இருபத்தொரு நாள், பொழுது சாயும் நேரத்தில், கிணற்றை அடி தெரிய இறைக்க வேண்டும். அடியில் புதைத்த செய்வினைத் தகடு தானாக மேலே வரும். அதுவரை அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது.

மோட்டர் ஓடத் தொடங்கியது. தகடு வரவில்லை, வேறு பலவும் வந்தன. வாளிக் கொழுக்கி ஒன்று, ஷாம்பூப் போத்தல் மூடி ஒன்று, பல் போன சீப்பு ஒன்று. சீப்பைப் பார்த்ததும் குணலட்சுமி நெஞ்சில் கைவைத்தார்.

"மச்சாளின்ரை சீப்பு! மயிரைச் சுத்தித்தான் போட்டிருப்பா."

அந்தச் சீப்பில் மயிரே இல்லை. இல்லாததும் ஆதாரமானது: மயிர் கரைந்து தண்ணீரில் கலந்துவிட்டதாம்.

பொழுது சாய மோட்டர் ஏன் மணிக்கணக்காக ஓடுகிறது என்று கமலாவதிக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை, கேட்பதானால் சுபாஸைக் கூப்பிட வேண்டும். தன்னைத் தண்ணீரில்லாமல் தவிக்கவிட்டுப் போறணையைப் பறிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று அவர் நினைத்தார். அவரைப் புனிதராகக் காட்ட விருப்பமில்லை. சந்தேகத்தில் அவரும் தமையனுக்குக் குறைந்தவரல்ல.

ஒன்பதாம் நாள் முதல் முறைப்பாடு வந்தது. "பாண் உப்புக் கரிக்குது." பதினோராம் நாள் மா பொங்குவதும் சுணங்கியது. அச்சுப் பாண் தலை தூக்காமல் செங்கல்லைப்போல இருந்தது. கோயிலடி வீட்டுக்காரர்கள் மூன்று றாத்தல் பாணைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

"உப்பை ரெட்டிப்பாப் போடுறாள். என்ரை கடைப் பேரைக் கெடுக்கிறாள்," என்றார் பஞ்சலிங்கம்.

"நான் அளந்துதான் போடுறன். மாவுக்கை ஆரோ கலக்கினம்," என்றார் கமலாவதி.

அவர் உப்பு இருந்த ரின்னுக்குப் பூட்டுப் போட்டார். திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கொழுவினார். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்தவுடன் விரலால் தொட்டு மாவை நக்கிப் பார்த்தார். கரிக்கவில்லை. பிறகு சுபாஸையே நிறுத்தி அவன் கண்முன் உப்பை அளந்தார். அப்போதும் பாண் கரித்தது. உடனே சுபாஸையும் சந்தேகித்தார்.

"நீ எந்தப் பக்கமடா?"

"அக்கா, நான் ஓட்டோப் பக்கம். என்னை விடுங்கோ."

ஒழுங்கையில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. குணலட்சுமி இரண்டு பேரிடம் மட்டுமே சொன்னாராம், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு. ஒரு கிழமைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாய்மார் போறணைப் பக்கம் வந்ததும் பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார்கள். முப்பத்து மூன்று வருடம் அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் பணிஸ் சுட்டுக்கொடுத்த கையை அவர்கள் அப்படி ஒதுக்கினார்கள்.

பதினெட்டாம் நாள் பஞ்சலிங்கம் சுபாஸ் இல்லாமலே நேரில் வந்தார். கையில் ஒரு பேப்பர் இருந்தது.

"கமலா, போறணையை எனக்கு எழுதித் தந்திடு. கரண்டில ஓடுற போறணை ஒண்டு எடுக்கப்போறன். சுடுறதுக்கு ஆளும் பாத்திட்டன். நீ வட்டுக்கோட்டையில சின்னம்மா வீட்டை போய் இரு. உனக்கும் வயசு போகுது."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி நான் பாண் எடுக்கமாட்டன். நீ சுட்டு நீயே தின்."

போறணை போனால் கமலாவதிக்கு வீடும் இல்லை, தொழிலும் இல்லை, ஊரில் நிற்க ஓர் இடமும் இல்லை. அது தெரிந்துதான் தமையன் வந்திருந்தார். கமலாவதி கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். சவுக்காரத்தைத் தேய்த்தார். நுரைக்கவில்லை. இன்னும் தேய்த்தார். தயிர் திரைந்ததுபோல வெள்ளைத் துகள்தான் கையில் ஒட்டியது.

பிறகு வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டார்.

உவர்.

அந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடித்துப் பல வருடங்களாகின்றன. குடிக்கவும் தேத்தண்ணீருக்கும் சமையலுக்கும் பிளாஸ்ரிக் கானில் விலைக்கு வருகிற தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் மாக் குழைக்கவும் மட்டும். அதனால்தான் அது மாறியது ஒரு நாக்குக்கும் தெரியவில்லை. பாண் தின்றவர்களின் நாக்குக்குத்தான் தெரிந்தது.

இங்கே நல்ல தண்ணீர் கல்லுக்குள் உவர் நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கோடையில் மோட்டரை மணிக்கணக்காக ஓடவிட்டால் கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். கோப்பாயில் ஒரு பாத்தி வெங்காயம் நட்டவருக்கும் இது தெரியும். பஞ்சலிங்கத்துக்கும் தெரியும், பக்கத்துத் தோட்டக்காரர் அளவுக்கு மிஞ்சி இறைக்கிறார் என்று கிராம அலுவலருக்கு மனுக் கொடுத்தவரே அவர்தான். பயம் வந்ததும் தெரிந்ததெல்லாம் எங்கே போய்விடுகிறது?

மறுநாள் காலை கமலாவதி தமையனைக் கூப்பிட்டார்.

"அண்ணை, பேனை கொண்டு வாங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா முதல் நீங்கள் மாக் குழைக்க வேணும்."

"நானோ? என்னத்துக்கு?"

"நான் தொட்டால்தானே பாண் கெடுது. நான் தொடேல்லை. ரெண்டு தாச்சி வையுங்கோ. ஒண்டுக்கு எங்கடை கிணத்துத் தண்ணி. மற்றதுக்கு நீங்கள் குடிக்கிற கான் தண்ணி. ஒரே மா, ஒரே ஈஸ்ட், ஒரே உப்பு. எல்லாம் உங்கடை கையாலை."

பஞ்சலிங்கம் எல்லாத் திசையும் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

"நீ அங்கால வேலியடியில போய் நில்."

"நிக்கிறன்."

"வாயைத் துறக்கக்கூடாது. முணுமுணுத்தியெண்டால் விட்டிடுவன்."

"மூச்சு விடலாமோ?"

"அளவா விடு."

குணலட்சுமி நாற்காலி போட்டு, வேலியடியில் நின்ற மச்சாளின் உதட்டைப் பார்த்தபடி இருந்தார். சுபாஸ் உப்பை அளந்து கொடுத்தான். பஞ்சலிங்கம் சேர்ட்டைக் கழற்றிவிட்டு முழங்கை வரை மா பூச, வேர்வை ஒழுகக் குழைத்தார். தாச்சிகளை ஈரச் சாக்கால் மூடிக் காத்திருந்தார்கள். இரண்டு மணித்தியாலம் ஒருவரும் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. பஞ்சலிங்கம் இடையில் நான்கு தரம் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"தூக்காதையுங்கோ, பொங்காது," என்று தன்னை மறந்து சொல்லிவிட்டார் கமலாவதி.

"பாத்தீங்களே! வாய் துறந்திட்டா!" என்று எழும்பினார் குணலட்சுமி.

"அது மந்திரமில்லை, அண்ணி. அது பேக்கரி," என்றான் சுபாஸ்.

பஞ்சலிங்கமே அச்சில் போட்டுப் போறணைக்குள் தள்ளிய பாண் வெந்து வெளியே வந்தது. கான் தண்ணீர்ப் பாண் தலை நிமிர்ந்து, அச்சுக்கு மேலே உருண்டு நின்றது. கிணற்றுத் தண்ணீர்ப் பாண் அச்சுக்குள் படுத்திருந்தது. பஞ்சலிங்கம் இரண்டையும் பிய்த்து வாயில் வைத்தார். கரித்ததைத் துப்பவில்லை, மெதுவாக மென்று விழுங்கினார். தான் குழைத்தது என்பதால் இருக்கலாம்.

"மோட்டரை எத்தினை மணித்தியாலம் ஓடவிட்டனீங்கள், அண்ணை?"

சுபாஸ்தான் சொன்னான்: "ஒரு நாளைக்கு மூண்டு, நாலு. பதினெட்டு நாள். செய்வினை எடுக்கவாம், அக்கா."

கமலாவதிக்கு அப்போதுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. கோபம் வரும் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் வேலியடியிலேயே குந்தி இருந்துவிட்டார்.

"நான் செய்வினை செய்தனானோ? உங்களுக்கோ? எனக்கு விடியமுன்னம் எழும்பி மாக் குழைக்கவே நேரம் காணாது, அண்ணை."

"அப்ப அந்தத் தேசிக்காய்?" குணலட்சுமி விடவில்லை.

கமலாவதி எழும்பிப் போய்த் தேசி மரத்தைப் பிடித்து உலுப்பினார். ஏழெட்டுக் காய்கள் விழுந்தன. ஒன்றை எடுத்து மச்சாளின் மடியில் போட்டார். கொப்பு முள் குத்தி, ஒடிந்து, அதிலேயே நின்றது.

"உங்கடை மரம், மச்சாள். உங்கடை ஊறுகாய்."

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பஞ்சலிங்கம் மீதி மூன்று நாள் மோட்டரைப் போடவில்லை. தண்ணீர் கொண்டுவரப் பவுசர் வண்டி ஒழுங்கு செய்தார். மாரி மழைக்குப் பிறகு கிணறும் தெளிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று கொண்டுவந்த பேப்பரைக் கிழிக்கவும் இல்லை. நாலாய் மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். "யாவாரம் எழும்புதோ பாப்பம்," என்கிறார்.

வியாபாரம் எழும்பியது, ஓட்டோவில் மட்டும். பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோ வந்தால் ஒழுங்கைப் பெண்கள் ஓடிவந்து வாங்குகிறார்கள், ஏனென்றால் பாணை நீட்டுவது சுபாஸின் கை. அதே பாண், அதே போறணை, அதே கமலாவதி சுட்டது. அவர் நிற்கும் போறணைக் கதவடியில் மட்டும் ஒருவரும் வருவதில்லை. உவர் என்று விளங்கியபிறகும், "எதுக்கும் ஒரு பயம்தான்" என்கிறார்கள். அந்த 'எதுக்கும்' என்ற சொல்லால்தான் இந்த நாட்டில் எத்தனையோ பெண்களை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறோம்.

கதவடி வெறுமையாகவே கிடந்தால் அலுமாரிப் பேப்பர் திரும்ப வெளியே வரும். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பக்கம் போனால் ஓட்டோவை மறிக்காதீர்கள். காலை ஆறரை மணிக்கு முதலாவது அடுப்புப் பாண் இறங்கும். ஒழுங்கைக்குள் நடந்து போங்கள். எல்லோரும் பார்க்க, கமலாவதியின் கையால் ஒரு றாத்தல் பாண் வாங்குங்கள். அங்கேயே நின்று பிய்த்துத் தின்னுங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிப்போங்கள்; ஒரு பணிஸை அந்தக் கையிலிருந்தே வாங்க விடுங்கள்.