கிளென்மார்கன் ஏற்றத்தில் யாரைத் தூக்குவது

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஊட்டிக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை, நான் செய்த ஒரு தப்பை நேரில் போய்ச் சொல்ல. இந்த வலைப்பூவில் வழக்கமாகப் படகுத்துறை, பூங்கா, நல்ல வர்க்கி பிஸ்கட் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் எழுதுவேன். இந்தப் பதிவு அப்படி இருக்காது. ஆனால் தோட்டங்களில் நோயுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும் என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. பிறவியிலேயே உடம்பில் ஒரு நொதி இல்லாத குழந்தைகள் எங்களிடம் வருவார்கள். அந்த நொதி இல்லாவிட்டால் சில கழிவுகள் உடையாமல் எலும்பு, கண், இதயம் என்று அங்கங்கே தங்கிவிடும். ரத்தக் குழாயின் சுவரிலும் படிந்து அதைத் தடிக்க வைக்கும். பரம்பரை நோய், ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக்கூட வரும். கழுத்துத் தமனியை ஸ்கேனில் பார்த்தால் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று தெரியும். அங்கே தடித்திருந்தால் இதயத்துக்குப் போகும் குழாய்களும் சுருங்கியிருக்கலாம் என்று டாக்டர் பயப்படுவார்.

நான்கு மாதம் முன்பு கிளென்மார்கன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து புஷ்பம் என்ற கொழுந்து பறிக்கும் பெண் தன் இரண்டு மகள்களோடு வந்தார். வள்ளிக்குப் பதினொன்று, ரேவதிக்கு எட்டு. இரண்டு பேருக்கும் இதே நோய். தோட்டத்தில் பிள்ளைகளைத் தாயின் செக்ரோல் நம்பரில்தான், அதாவது ஆள் பதிவேட்டு எண்ணில்தான், பதிவார்கள். தோட்டத்து டிஸ்பென்சரி கொடுத்தனுப்பிய இரண்டு சீட்டிலும் '214, மகள்' என்று மட்டும் இருந்தது. தேயிலை விலை விழுந்த பிறகு அங்கே ஆள் குறைக்க ஒரு சாக்குப் போதும். ஆஸ்பத்திரி முத்திரை இல்லாமல் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் புஷ்பம் முத்திரை வாங்கும் வரிசையில் நின்றார். பிள்ளைகள் என்னோடு இருந்தார்கள். பெயர் கேட்டேன், வாய் திறக்கவில்லை. எனக்கு அவசரம். உயரமானவளைப் பெரியவள் என்றும் குட்டையானவளைச் சின்னவள் என்றும் எழுதிவிட்டேன்.

இந்த நோயில் வளர்ச்சி பாதியிலேயே நின்றுவிடும், தங்கை அக்காவைவிட உயரமாகக்கூட இருக்கலாம். பதினாறு வருடம் இதே வேலையில் இருப்பவளுக்கு அது தெரியாதா? தெரியும். அன்று தோன்றவில்லை. குட்டையானவளின் சுவர் மிகவும் தடித்திருந்தது. என் ரிப்போர்ட்டைப் பார்த்து, சின்னவளை ஏற்றத்தில் நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்னார்.

போன வாரம் டிஸ்பென்சரியிலிருந்து பிள்ளைகளின் உயரமும் எடையும் பெயரோடு எழுதி வந்தது. படித்ததும்தான் தெரிந்தது, குட்டையானவள்தான் அக்கா வள்ளி. டிஸ்பென்சரிக்கு போன் பண்ணினால் போதும் என்றார் டாக்டர். நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை 6.10க்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் நிலையத்தில் ஏறினேன். டிக்கெட் எண்பத்து மூன்று ரூபாய். குன்னூர் வர 8.40. வெலிங்டனில் பட்டாளத்துப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அருவங்காட்டில் ஃபேக்டரி ஆட்கள் ஏறி இறங்கினார்கள். 9.45க்கு ஊட்டி. ஜன்னல் ஓரம் கிடைத்தும் நான் எதையும் ரசிக்கவில்லை. புஷ்பத்திடம் எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து டாக்சி, காத்திருந்து திரும்பக் கூட்டி வர ஆயிரத்து இருநூறு. தோட்டத்துச் சாலை முடியும் இடம்வரை இருபத்து மூன்று கிலோமீட்டர். கடைசி நாலு கிலோமீட்டர் பேருக்குத்தான் ரோடு. ஓட்டுநர் செல்வராஜுக்கும் ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது.

"ஏனுங்க, பச்சத் தேயிலை விக்கற வெலைக்குப் பறிக்கற கூலியே கட்டுபடியாகறதில்லீங்க. காட்ட அப்பிடியே உட்டுட்டு ஸ்டியரிங்கப் புடிச்சிட்டேன்" என்றார். வழியில் அப்படி விட்ட தோட்டங்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன.

சாலை முடியும் இடத்தில் ஒரு ரேஷன் கடை. அங்கிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஒரு கிலோமீட்டர், செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நான் இறங்கும்போது 11.05. புஷ்பம் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தார். முதுகில் போர்வையால் கட்டிய ரேவதி, கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பின்னால் வள்ளி, தங்கையைவிட ஒரு சாண் குட்டை, கையில் மண்ணெண்ணெய் கேனோடு. நான் எழுதிய ரிப்போர்ட் என் கண் முன்னால் நடந்து போனது. ஓடிப்போய் முதலில் கேனை வாங்கிக்கொண்டேன்.

"டாக்டரம்மா, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க?" என்றார் புஷ்பம்.

டாக்டர் இல்லை என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு வரவில்லை. இரண்டாவது வளைவில் வள்ளி உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எந்திரி புள்ள" என்று அதட்டினார் புஷ்பம். என் பக்கம் திரும்பி, "தங்கச்சியத் தூக்குறேன்ல, பொறாமைங்கம்மா. நாலு மாசமா இந்த வளைவு வந்தா இதே நடிப்புதான். பொறுக்க ஏலாம போன வாரம் ரெண்டு அடி வச்சேன்" என்றார்.

"அவ நடிக்கலைங்க புஷ்பம். தூக்கவேண்டியது அவளத்தானுங்க. நான்தான் மாத்தி எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரேவதியை மெல்ல இறக்கிவிட்டார்.

"அப்ப சின்னதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

அந்த முகத்தில் ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தது. அதையும் நானே கெடுக்க வேண்டியிருந்தது. ரேவதிக்கும் சுவர் தடிக்க ஆரம்பித்துவிட்டது, அக்கா அளவுக்கு இன்னும் இல்லை என்றேன். மருந்து இல்லையா என்று கேட்டார். அந்த நொதியை வாரா வாரம் ஊசியாக ஏற்ற வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. அந்தச் செலவை ஏற்கச் சொல்லி டாக்டர் அரசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார், பதில் இல்லை. கிடைத்தாலும் தடித்த சுவர் பழையபடி ஆகும் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் ஒரு வளைவில் நின்றுகொண்டு சொன்னேன்.

"இவங்கப்பா இருந்தா ஆளுக்கொண்ணாத் தூக்குவோம். இங்க வாரத்துல மூணு நாள்தான் வேலைன்னு திருப்பூருக்குப் போயிட்டாரு" என்றார்.

பிறகு வள்ளியைத் தூக்கக் குனிந்தார். அவள் இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காதம்மா. நடக்கறேன்."

புஷ்பம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வள்ளியைப் போர்வையில் கட்டிக்கொண்டார். ரேவதியை நான் தூக்கினேன். எனக்குப் பாதி வழியிலேயே இடுப்பு விட்டுப்போனது. மண்ணெண்ணெய் கேன் வளைவிலேயே கிடந்தது.

லயத்தில் கறுப்புத் தேநீர் கொடுத்தார். திங்கள்கிழமை பள்ளிக்கூடம். அது கீழே கடைப் பக்கம் இருக்கிறது. என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு மூட்டை கொழுந்து இருந்தா எப்பிடி ஏத்துவோம்? ஒண்ண வளைவு வரைக்கும் கொண்டு போயி வச்சிட்டு, திரும்பி வந்து அடுத்தத எடுப்போம். அது மாதிரிதான் இனி."

திருத்திய ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை இரண்டு பெயரையும் வயதையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். 2.40க்குக் கிளம்பினேன். வீடு வரும்போது மணி ஏழரை.

என் தப்பைத் திருத்தியதால் அந்த வீட்டில் யாருக்கு என்ன கிடைத்தது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கு இனி அடி விழாது, அதுதான் மிச்சம். மற்றபடி அந்தச் சுவர்கள் தடித்துக்கொண்டுதான் இருக்கும், நான் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டிருப்பேன்.

இனி போகிறவர்களுக்கு. ஸ்கேனுக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது ஒவ்வொரு சீட்டிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுதுங்கள், எங்களைப் போன்றவர்களின் கண்ணை நம்பாதீர்கள். ஊட்டியிலிருந்து பத்து மணிக்குள் டாக்சி பிடியுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். சாலை முடிய நாலு கிலோமீட்டர் இருக்கும்போதே போனில் சிக்னல் போய்விடும். ஏற்றத்துக்குப் பிடிமானமான செருப்பு வேண்டும். பழம், பிஸ்கட் எல்லாம் அப்புறம். தூக்கத் தெம்புள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பள்ளிக்கூடம் விடும்வரை அங்கேயே இருங்கள். அந்த ஏற்றத்தை புஷ்பம் ஒரு நாளில் எத்தனை முறை ஏறுகிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. அங்கே தூக்க ஓர் ஆள் குறைகிறது.