முன் சீட்டு

பிரிக்பீல்ட்ஸ் டாக்சிக்காரர் அவர். பெரிய தொப்பை. ஓட்டும்போதெல்லாம் கச்சான் கடலை கொறிப்பார்.

வீட்டில் அண்ணனுக்குத் தனித்தட்டு வைத்த வாரம், அவர் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் என்னோடு பின்னால் ஏறினான்.

"ஒருத்தர் முன்னுக்கு வாங்க லா. நான் என்ன உங்க டிரைவரா?"

அண்ணன் நகரவில்லை. "அங்கிள், எனக்கு எய்ட்ஸ்."

"எனக்கு இனிப்பு நீர் வியாதி. வந்து பெல்ட்டப் போடு."

முன்னால் போனவனிடம் பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் தயங்கித்தான் அதில் கையை விட்டான். அடுத்த வாயை அவரும் அதிலிருந்தே அள்ளினார். அண்ணன் சிரித்தான். அதன்பிறகு முன் சீட்டு அவனுடையது.

சாம்பலைக் கரைக்கக் கிள்ளான் கடலுக்குப் போனதும் அதே டாக்சியில்தான். கலயத்தோடு பின்கதவைத் திறந்தேன்.

"ரெண்டு பேரும் முன்னுக்கு வாங்க லா," என்றார்.

அன்று கடலைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.