பற்றரி போன பிறகும் பேசிய பலகை

சுமித்திராவுக்குத் தன் கைவேலையில் பெருமை உண்டு. அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஜெயபுரத்தில் செத்துப்போன போன்களுக்கு உயிர் கொடுப்பவள் அவள்தான். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்ற நீர்முறையைக் காட்ட ஒரு மின்தாள் பலகையைச் செய்து குளத்து மதகடியில் மாட்டியதும் தலைகால் புரியவில்லை. பலகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகள். இரண்டு கம்பி சந்திக்கும் இடத்தில் கரண்ட் ஒரு தட்டுத் தட்டினால் அந்தப் புள்ளி கறுக்கும். எழுத்தை மாற்றத்தான் பற்றரியின் கரண்ட் வேண்டும். மாறிய எழுத்து சும்மாவே நிற்கும். குளத்தின் மட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு வாய்க்காலின் முறையையும் பலகை தானே நீட்டும், குறுக்கும்.

வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் அடித்துச் சொன்னாள்: “கரண்ட் போனாலும் எழுத்து அழியாது. இனி ஒருத்தற்ற வாய்க்கதையும் வேண்டாம். பலகை சொன்னால்தான் மதகு திறக்கிறது.” எல்லாரும் ஓம் என்றார்கள்.

அது கோடைக்காலச் சிறுபோகம். அவளுடைய ஒன்றரை ஏக்கர் நெல் நாலாம் வாய்க்காலில், கதிர் தாளுக்குள் ஒளிந்திருக்கும் குடலைப் பருவத்தில் நின்றது. இப்போது தண்ணீர் தவறினால் கதிரெல்லாம் பதர்தான். பலகையோ ‘இன்று மூன்றாம் வாய்க்கால்’ என்றது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

“வயல் வெடிக்குது பிள்ளை, எங்கட முறை எப்ப?” என்று மாமி அன்னபாக்கியம் கேட்டார்.

“குளம் வத்துது, அதுதான் மூண்டாம் வாய்க்காலின்ர முறை நீண்டிருக்கு. பலகை பிழைக்காது மாமி, பொறுங்கோ.”

மண் வாயைப் பிளந்து கிடக்கிறது, மகாராணி பலகைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறா!

ஐந்தாம் நாள் மனம் கேட்காமல் ஓடிப்போய்ப் பலகையின் பின்மூடியைத் திறந்தாள். பற்றரி இருந்த இடத்தில் ஒரு பல்லி சொகுசாகக் குடியிருந்தது.

“தங்கராசா அண்ணை! பற்றரி எங்க?”

மதகு பார்க்கும் தங்கராசா வெற்றிலையை ஆறுதலாக ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். “யானை வேலிக்குக் கரண்ட் குடுக்கக் கொண்டுபோனனான். நீதானே சொன்னனீ, கரண்ட் இல்லாட்டியும் எழுத்து நிக்குமெண்டு. பிறகென்னத்துக்குப் பற்றரி?”

மனிசன் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லையே!

“சரி அண்ணை, நாலாம் வாய்க்காலைத் திறவுங்கோ.”

“பலகை மூண்டெண்டெல்லோ சொல்லுது. நீ போட்ட சட்டம் பிள்ளை.”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தன் போனிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பலகைக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்து, முறையைக் கையாலேயே மாற்றினாள். பலகை இரண்டு தரம் கறுத்து வெளுத்து, ‘நாலாம் வாய்க்கால்’ என்றது. தங்கராசா மதகுச் சக்கரத்தைச் சுழற்றினார். தண்ணீர் நாலாம் வாய்க்காலுக்குள் இறங்கியது.

அதன் பின்னாலேயே வரம்பில் ஓடத் தொடங்கியவள், பாதியில் நின்று திரும்பிக் கத்தினாள்:

“அண்ணை, இனிப் பலகை என்ன சொன்னாலும் ஒருக்கா வந்து என்ர வயலையும் பாருங்கோ!”