மணல்மேட்டுக்கு இரண்டு எம்.பி.

"ஊர் எங்கே?" என்று கேட்டேன்.

"இதுதாண்ணே ஊர்" என்றாள் ஸ்டெல்லா.

சுற்றிலும் பார்த்தேன். கூரையில்லாத ஒரு பழைய சர்ச். சாய்ந்து நிற்கிற கல்லறைக் கற்கள். அதற்கு அப்பால் புல்வெளி. புல்வெளிக்கு அப்பால் கடல். ஈ, காக்கா கிடையாது. காற்று மட்டும் காதைப் பிய்த்துக்கொண்டு போனது.

ஸ்டெல்லா என் தங்கை. திருச்சி பாலக்கரையில் என்னோடு சண்டை போட்டு வளர்ந்தவள். நர்ஸிங் படித்துவிட்டு அயர்லாந்துக்குப் போனவள், வெக்ஸ்போர்டு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன நவம்பரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். லீவு நாளில் காரை எடுத்தவள், "வாண்ணே, உன் பத்திரிகைப் பத்தியில எழுத ஒண்ணு காட்டுறேன்" என்று கூட்டிப்போன இடம் இது. பேர் பேனோ.

"இது ஒரு தொகுதிண்ணே. அந்தக் காலத்து அயர்லாந்து பார்லிமென்ட்ல இந்த ஊருக்கு ரெண்டு எம்.பி."

"ஓட்டுப் போட்டது யாரு? இந்தக் கல்லறையில இருக்கிறவங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. போனில் எதையோ எடுத்துப் படித்துக் காட்டினாள். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது.

பேனோ ஒரு காலத்தில் துறைமுகப் பட்டணம். கப்பல் வந்தது, கடைவீதி இருந்தது. அப்புறம் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தது. கப்பல் வரும் வழி அடைபட்டது. சனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். வீடுகள் மேல் மணல் ஏறியது. தெரு போனது, ஊர் போனது. ஆனால் தொகுதி போகவில்லை. மணலுக்கு அடியில் கிடந்த ஊர் தேர்தலுக்குத் தேர்தல் டப்ளின் நகரத்துப் பார்லிமென்டுக்கு இரண்டு மெம்பர்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது!

எப்படி? தொகுதியைக் கையில் வைத்திருந்த பெரிய நிலச்சுவான்தார்கள் கை காட்டியவர்தான் மெம்பர். மணலுக்கு மேலே ஒரு புகைபோக்கியின் மிச்சம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததாம். அதைச் சுற்றி நின்று தேர்தலை முடித்துவிடுவார்களாம். ஆயிரத்து எண்ணூறில் அயர்லாந்துப் பார்லிமென்டை லண்டனோடு சேர்க்கச் சட்டம் போட்டார்கள். அதோடு பேனோ தொகுதி ஒழிந்தது. ஒழித்ததற்கு நஷ்டஈடும் உண்டு. பதினைந்தாயிரம் பவுண்டு. ஊர்க்காரர்களுக்கா? ஊர்க்காரர்கள்தான் இல்லையே... தொகுதியைச் சொத்து மாதிரி வைத்திருந்தவர்களுக்கு.

"அடப்பாவிகளா" என்றேன். பக்கத்தில் கல்லறை இருப்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகு கொஞ்ச நாள் எனக்கு இதே பேச்சுதான். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு பிளாட்டில் குடியிருக்கிறேன். எதிர் வீட்டு வைதேகி மாமி, பால்காரர், பேங்க் கேஷியர் — ஒருவரையும் விடவில்லை. "மணல்மேட்டுக்கு ரெண்டு எம்.பி. தெரியுமா மாமி?" என்று ஆரம்பித்தாலே மாமி, "நேத்தும் சொன்னேளே" என்பார். நம்ம ஊரில் இப்படியெல்லாம் நடக்குமா, வீடு வீடாகப் போய் ஆளைப் பார்த்துத்தானே பட்டியல் போடுகிறோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வாக்காளர் பட்டியல் வந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருந்தார்கள். நானும் என் மனைவி ரீட்டாவும் போனோம். ரீட்டா பேர் இருந்தது. என் பேர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். இல்லை. பக்கத்துச் சுவரில் நீக்கப்பட்டவர்கள் பட்டியல் தனியாக இருந்தது. அதில் இருந்தேன். அந்தோணிராஜ், அறுபத்தொரு வயது, ஆண். காரணம் என்கிற கட்டத்தில் ஒரே ஒரு சொல் — இறப்பு.

காரணமே இல்லாமல் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ரீட்டா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் ரோட்டில் அவள் அப்படிப் பிடித்ததில்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... இதுவரை ஒரு தேர்தலில்கூட நான் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. சிக்குன்குனியா வந்து முட்டியை மடக்க முடியாமல் கிடந்தபோதும் ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டவன். ஆள் இல்லாத பேனோவுக்கு இரண்டு எம்.பி. அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு நடமாடுகிற எனக்கு ஒரு ஓட்டுக்கூடக் கிடையாதா? ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் நாலே நாள்தான் இருந்தது. அது போனால் இந்தத் தேர்தலுக்கு நான் செத்தவன்தான். இந்தப் பத்தியில் யாரைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். தலைப்புகூட ரெடி.

வகுப்பறை ஒன்றில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், எங்கள் தெருப் பட்டியலுக்குப் பொறுப்பான டீச்சர். பேர் சுமதி. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து பாடமும் நடத்தி, பட்டியலுக்கும் அலைகிறவர். நவம்பரில் ஒருதரம் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் அயர்லாந்தில். ரீட்டாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "சாரைப் பாக்க மறுபடி வரேங்க" என்று போயிருக்கிறார்.

"நான்தான் அந்தோணிராஜ்" என்றேன்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பேரேட்டைப் பார்த்தார். ரீட்டாவைப் பார்த்தார். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"சார்... நீங்க... எதிர் வீட்டு மாமிதானே சொன்னாங்க?"

"என்ன சொன்னாங்க?"

"நீங்க பரமபதம் போயிட்டீங்கன்னு."

அந்தச் சொல்லை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு புரிந்தது.

அது மார்கழி; வைகுண்ட ஏகாதசி முடிந்து இராப்பத்து என்கிற பத்து நாள் உற்சவம் நடந்துகொண்டிருந்த நாட்கள். பெரிய கோயிலில் சொர்க்கவாசல் தினமும் திறந்திருக்கும். கோயில் குடும்பங்கள் அதைப் பரமபத வாசல் என்பார்கள். இருபது வருடம் ஸ்ரீரங்கத்தில் இருந்தும் அந்தக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒருநாள் மத்தியானம், பத்தி எழுத ஏதாவது கிடைக்கும் என்று கிளம்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் பூட்டு. எதிர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

"அவரா? பரமபதம் போயிருக்கார்" என்றிருக்கிறார் மாமி.

"எப்பங்க?"

"இன்னிக்கு மத்தியானம்தான். ரொம்ப நாளா போகணும் போகணும்னு சொல்லிண்டிருந்தார். இப்பத்தான் பிராப்தம் கிடைச்சுது."

"அவங்க வீட்டம்மா?"

"ஸ்கூல்லேருந்து இன்னும் வரலை. வந்தா நானே சொல்லிக்கறேன். நீங்க சிரமப்படாதீங்கோ."

டீச்சர் கண் கலங்கிவிட்டதாம். நாலு மாடி இறங்கி வந்து கீழே ஸ்கூட்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"அந்த நேரத்துல உங்க வீட்டுக்கு வந்து சர்ட்டிபிகேட் கேக்க மனசு வரலைங்க சார். அப்புறமும் வரலை. தப்புதான்."

"பரமபதம்னா சாவுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என் குரல் இன்னும் இறங்கவில்லை.

டீச்சர் தன் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். சின்னச் சின்ன எழுத்தில் ஓர் அகராதியே போட்டு வைத்திருந்தார். ஆத்துக்காரர் — கணவர். மாட்டுப்பெண் — மருமகள். திருநாடு — இறப்பு. ஆசார்யன் திருவடி — இறப்பு. பரமபதம் — இறப்பு.

"முதல் வாரத்துல ஒரு வீட்டுல, தாத்தா திருநாட்டுக்கு எழுந்தருளிட்டார்னு சொன்னாங்க. நான் வெளிநாடுன்னு எழுதிட்டேன். ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் வச்சுத் திட்டினாங்க சார். அதுக்கப்புறம் ஒவ்வொரு வார்த்தையா கேட்டுக் கேட்டு எழுதி வச்சேன். மறுபடியும் தப்பு வரக்கூடாதுன்னுதான்..."

ரீட்டா மெதுவாகக் கேட்டாள். "பேரு அந்தோணிராஜ்னு இருக்கே. பரமபதம் எப்படிப் போவாருன்னு தோணலையா?"

"எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே போறோம்னு நினைச்சேங்க."

என் கோபம் அந்த இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. இந்த ஊரில் இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை. பேனோ பட்டியலில் இப்படி ஒரு பிழை வந்திருக்குமா? வராது. கதவைத் தட்ட ஆள் இல்லை, கதவும் இல்லை. யாரும் யாரையும் தப்பாகக் கேட்க வழியில்லை. அத்தனை சுத்தமான பட்டியலை நினைத்தால் எனக்கு இப்போது இன்னும் அதிகமாகத் திகிலாக இருக்கிறது. பிழை வருவதற்கும் ஊரில் மனிதர்கள் இருக்க வேண்டுமே.

டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். புதிய வாக்காளர் சேர்க்கை. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிரப்புகிற படிவம். அறுபத்தொரு வயதில், காலேஜ் பெண் ஒருத்திக்கு அடுத்து வரிசையில் நின்று நிரப்பிக் கொடுத்தேன். முன்பு எங்கே வாக்களித்தீர்கள் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போன ஜென்மத்தில் என்று சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ பெருமாளே! அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சிண்டப்போ, என்ன பக்தின்னு நினைச்சேனே. மார்கழி மாசத்துல வாசல்னு தனியா வேற சொல்லணுமா?"

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்தி, "அண்ணே, பேரு திரும்ப வந்துடும்ல?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் நானும் பயந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை இறுதிப் பட்டியல் ஒட்டினார்கள். விடிந்ததும் போய் நின்றேன். கடைசிப் பக்கம், கடைசிக்கு முந்தின வரி. அந்தோணிராஜ். அறுபத்தொன்று. ஆண். விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

சுமதி டீச்சர் அதே மேஜையில்தான் இருந்தார். "கிடைச்சுதுங்களா சார்?" என்று சிரித்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். 'பரமபதம் — இறப்பு' என்கிற வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒன்று சேர்த்திருந்தார்.

'சில பேர் சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார்கள். விசாரிக்கவும்.'