ஈட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தவன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாசரேத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நானும் சேவியரும் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தோம். நான் படித்த கல்லூரியிலேயே வரலாறு படித்தவன், கடற்கரைக்காரன். கோட் என் வேலை, கதையும் வரலாறும் அவன் வேலை. கேமில் வருவது பாண்டிய அரசுக்காக அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்ட காலம், காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கிய காலம். விளையாடுகிறவர் ஒரு கூலிப்படைத் தலைவர், கூலி கொடுப்பவனுக்காகச் சண்டை போட வேண்டும்.

அதில் ஒரு கட்டம் வரும். கடல் கொந்தளிக்கிறது, முத்துக் குளிக்க இறங்க மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை ஈட்டி முனையில் கடலுக்குள் விரட்டச் சொல்லி ஒரு சிற்றரசன் நம் படையை அழைப்பான். விரட்டினால் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். மறுத்தால் நம் ஆட்கள் பட்டினி, அதே வேலையை இன்னொரு படை வந்து செய்துவிட்டு ஊரையும் கொளுத்திவிட்டுப் போகும்.

"அந்த ஜனங்களக் காப்பாத்துற மாதிரி ஒரு வழி வை சேவியர், விளையாடுறவங்க வெறுத்துப் போயிருவாங்க" என்றேன்.

"கூலிக்காரனுக்கு ஏது நல்ல வழி? அவன் போகலன்னா இன்னொருத்தன் போவான், அம்புட்டுதான். பொய் எழுத எனக்கு வராது."

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். எனக்குக் காரணம் தெரியும். அவனுடைய தம்பி ராயன் சங்கு குளிக்கிறவன், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது தொழில். சில வருடங்களுக்கு முன், கடல் சரியில்லாத ஒரு நாளில் போட்காரர் இறங்கச் சொன்னார், ராயன் மறுத்தால் கூட வந்த புதுமாப்பிள்ளை இறங்க வேண்டும் என்ற நிலைமை. ராயனே இறங்கினான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. நான் அந்த வீட்டோடு பழகியதெல்லாம் அதற்குப் பிறகுதான், ராயனை நேரில் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் மதியம், ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெயில், நான் அந்தக் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். விரட்டு என்று கட்டளை கொடுத்ததும் படை நகர்ந்தது. ஒரே ஒருவன் மட்டும் வரிசையிலிருந்து விலகினான், ஈட்டியை மணலில் வைத்தான், ஊர்க்காரர்களோடு போய் உட்கார்ந்துகொண்டான். ஏதோ பிழை என்று கோட் முழுக்கத் தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் உட்கார்ந்தான். படையில் ஒரு ஆளைக் குறைத்துப் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள், அப்போதும் கூடுதலாக ஒருவன் வந்து உட்கார்ந்தான். விரல் நுனி அளவு உருவம், முகம்கூட வரையவில்லை. அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உள்ளங்கையால் காதைத் தட்டினான். அப்படி ஒரு அசைவை நாங்கள் எந்த உருவத்துக்கும் செய்து வைக்கவேயில்லை.

டீ வாங்கிக்கொண்டு வந்த சேவியர் என் பின்னால் நின்று பார்த்தான். 

"குளிச்சு ஏறுனா ராயன் இப்பிடித்தான் காதத் தட்டுவான், தண்ணி எறங்க" என்றான்.

"நீயா ஏதும் செஞ்சு வச்சியா?"

"எனக்குக் கோட் எழுதத் தெரியுமா ஜாஸ்மின்?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வேற வழியே இல்ல, எறங்கித்தான் ஆவணும்னு இருந்துச்சுன்னு நெனச்சுத்தான் இத்தன வருசமும் தூங்குதேன். இப்ப உக்காந்துருக்கான் பாரு. உக்காந்துருக்கலாம்லா அன்னைக்கும்?"

 சேவியர் எழுந்து போய்த் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை, வழியெல்லாம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், பிறகு அந்தச் சின்ன உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏலே ராயா, சோறு திங்க வரலியாலே?"

என் இரண்டு கையும் மடியில் இருந்தன, சத்தியமாகச் சொல்கிறேன். திரையில் அவன் எழுந்தான். எங்கள் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஈட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குள் நடந்தான், முழங்கால், இடுப்பு, தலை, அவ்வளவுதான். அந்த அம்மா சத்தமே இல்லாமல் அழுதார். சேவியர்தான் சத்தம் போட்டு அழுதான், கீழ்க் கடைக்காரர் ஏறி வந்து என்ன என்று கேட்கிற அளவுக்கு.

அதற்குப் பிறகு அந்த உருவம் வரவேயில்லை. நானும் எத்தனையோ தடவை கட்டளை கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

சேவியர் கதையை மாற்றவில்லை. மூன்றாவதாக ஒரு வழியை மட்டும் சேர்க்கச் சொன்னான். தலைவன் ஈட்டியை வைத்துவிட்டு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துவிடலாம். "அதனால யாரும் பொழைக்க மாட்டாங்க, கூலியும் வராது. இருந்தாலும் இருக்கட்டும்" என்றான். செய்து கொடுத்தேன்.

இதையெல்லாம்கூட என்றைக்காவது ஒருநாள் ஏதோ மெஷின் கோளாறு என்று ஒதுக்கிவிடுவேன். ஒதுக்க முடியாதது வேறொன்று. அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது சேவியரின் அம்மா பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, அவன் என்னப் பாக்கவேயில்ல. ஒன்னப் பாத்துத்தான் சரின்னு தலையாட்டிட்டுப் போறான். நீ என்னளா சொன்ன அவன்ட்ட?"

நான் வாயே திறக்கவில்லை. அவன் தலையாட்டியதை நானோ சேவியரோ பார்க்கவும் இல்லை. இப்போதும் மீன் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், கெஞ்சுகிற மாதிரி அதையேதான் கேட்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லையம்மா என்றால், நம்ப மாட்டேன் என்கிறார்.