எந்தத் தேதிக்கு டிக்கெட் போட?

தென்காசியில் சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிற இன்ஜினியர் நான். கடையநல்லூரில் பாதியில் நின்றுபோன ஒரு வீட்டை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு லீவு. போன தடவை பழைய காண்ட்ராக்டர் சொன்ன தேதியை நம்பிக் குடிபோக வந்தவர், லீவு முழுக்க மணலுக்கும் சிமெண்டுக்கும் அலைந்துவிட்டு, வாடகை வீட்டிலிருந்தே விமானம் ஏறினார். போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எந்தத் தேதிக்கு டிக்கெட் போட?”

வாய்க்கு வந்த தேதியைச் சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் நடப்பது அதுதான். “பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

நாங்கள் சொல்கிற சொல் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட நினைத்தேன். சனிக்கிழமை சம்பள நேரத்தில், அடுத்த சனிக்கிழமைக்குள் என்ன முடிப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, பூசாத சுவரில் சாக்பீஸால் எழுதினேன். முடிந்ததற்கு டிக். முடியாததற்குப் பக்கத்தில் காரணம். எவ்வளவு வேகம் என்பது எனக்கு வேண்டாம், சொன்னது நடந்ததா என்பது போதும். முதல் வாரங்களில் பத்துக்கு நான்குகூடத் தேறவில்லை.

“எல்லாம் மழை மேடம்” என்றார்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது!

சுவரில் இருந்த காரணங்களில் பாதி என் தலையில் விடிந்தது. ஜன்னல் வந்து சேராமலே பூச்சு வேலைக்கு ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதி, ஆள் வரவில்லை. விசாரித்தால் ஊர்க்கோயில் கொடைத் திருவிழா. கொடை என்றைக்கு என்பது ஊருக்கே முன்கூட்டித் தெரியும். ஆனாலும் சனிக்கிழமை கேட்டால் “வந்துருதேன் மேடம்” என்பார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்பது மரியாதைக் குறைவாம். போனை அணைத்துவிட்டுக் காணாமல் போவது மட்டும் என்ன மரியாதையோ! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை கத்தியே விட்டேன். “முடியாதுன்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா அடுத்த வேலைக்குக் கூப்பிடவே மாட்டேன்.”

டைல்ஸ் ஒட்டும் வடகரை அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

“அப்பம் சொல்லிருதேன் மேடம். அடுத்த வாரம் எங்க ஊர்ல கொடை. நீங்க என்ன கத்துனாலும் வர மாட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அந்த வாரம் மாடியில் வயரிங் வேலையை முன்னால் இழுத்துப் போட்டேன். டைல்ஸ் இல்லாமல் எதுவும் நிற்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். “முடியாது” என்று சொல்வது கூடக் கூட, டிக்கும் கூடியது.

இதற்கிடையில் வீட்டுக்கார அம்மாளுக்கு என்மேல் வருத்தம். “ஒரு தேதி சொல்ல இவ்வளவு யோசனையா? அவுக தெனமும் கேக்காக” என்றார். “இன்னும் கொஞ்சம் பொறுங்கக்கா” என்று மழுப்பிவிட்டு வருவேன். மனசு கேட்காது.

பத்துக்கு ஒன்பது என்று விடாமல் சில வாரம் நின்ற பிறகுதான் தேதியைச் சொன்னேன். துபாயில் அவர் டிக்கெட் போட்டார். அவர் வந்து இறங்கும்வரை நான் அந்த வீட்டிலேயே கிடந்தேன்.

வந்தவர், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு ஜோடி வேலை ஷூ. அதை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“என்ன வேலை கிடக்குன்னு சொல்லுங்க மேடம். நானும் கூட நிக்கேன்.”

“ஒண்ணும் பாக்கியில்ல பாய்.”

அவர் நம்பவில்லை. குழாய்களையெல்லாம் திறந்து மூடினார். கதவுத் தாழ்ப்பாள்களைப் போட்டு எடுத்தார். மாடிக்குப் போய் வந்தார். கடைசியில் ஹாலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“லீவு பூராவும் அப்படியே கிடக்கு. என்ன செய்யன்னு தெரியாம முழிக்காக, பாருங்க” என்று அந்த அம்மாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மகள் வாசலில் நின்றாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. “வாப்பா, ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றாள் மெதுவாக. போன லீவில் அவள் இதைக் கேட்டபோதெல்லாம் அவர் சிமெண்ட் லாரிக்குக் காத்துக்கொண்டிருந்தாராம்.

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

“இப்பமே போவோம். துண்டை எடுட்டி” என்றார்.