பதக்கத்தின் விளிம்பு

மயிலம்மாள் வீட்டுச் சாமி ஒரு பதக்கம். புருஷன் சன்னாசியின் தாத்தா இருளப்பன் அந்தக் காலத்துப் பர்மாச் சண்டையில் வாங்கியது. அதில் ஒரு பெண்ணின் தலை இருந்தது. அம்மன் என்று வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கு வெள்ளி மஞ்சளும் குங்குமமும் அப்பியதில் அது அடை மாதிரி தடித்துவிட்டது. அம்மனுக்கு மூக்கு மட்டும்தான் தெரியும்.

சப்பான்காரன் மலாயாவுக்கு வந்தபின் தோட்டத்தில் பால்வெட்டு நின்று போனது. ரப்பர் மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். 1943 ஆவணியில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் எடுக்கும் பட்டியல் மூன்றாம் தடவையாக வந்தது. முதல் இரண்டில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இந்தத் தடவை சன்னாசியின் பெயர் இருந்தது. வியாழக்கிழமை லாரி.

சிரம்பானில் இந்திய தேசியப் படை முகாம் இருந்தது. அதில் சேர்ந்தவனைச் சயாமுக்கு அனுப்புவதில்லை. ஆனால் சன்னாசிக்கு நாற்பத்திரண்டு. வயது கடந்தவனைப் பட்டாளத்து வம்சம் என்றால் மட்டும் எடுக்கிறார்கள் என்று லயத்து வீடுகளில் பேச்சு.

திங்கட்கிழமை அவள் பதக்கத்தை எடுத்துக்கொண்டு கிராணி அமிர்தலிங்கத்திடம் போனாள். ஆபீஸ் எழுத்தெல்லாம் அவர் கையில். பழைய பட்டாளச் சாமான்களில் அவருக்கு ஒரு பித்து. சப்பான்காரன் வருமுன்பே இருளப்பனைத் தேடி மதராசுக்கு எழுதிப் போட்டவர். ரெஜிமெண்டுகளின் பதக்க ஏடுகளில் அப்படி ஒரு சிப்பாய் இல்லை, விளிம்பில் வெட்டியிருக்கும் எழுத்தை முழுதாக அனுப்பவும் என்று பதில் வந்தது. விளிம்பைச் சுரண்ட அன்றைக்கு மயிலம்மாள் விடவில்லை.

"இப்ப மட்டும் அம்மன் கோவிச்சுக்காதா?" என்றார் கிராணி.

"அவ கோவிச்சா என் வீட்டோட போச்சு. கழுவுங்கய்யா."

புளி போட்டுத் தேய்த்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. கிரீடம் வந்தது, கொண்டை வந்தது.

"மயிலு, இது வெள்ளைக்காரன் மகாராணிலா!"

"யாரா வேணா இருக்கட்டும். பேரப் படிங்க."

கிராணி விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இருளப்பன்னு இருக்கு. முன்னால டோலி தூக்கின்னு இருக்கு."

"அப்படின்னா?"

"அடிபட்டவனத் தூக்கிட்டுப் போற ஆளு. கூலிதான். நான் தேடினது சிப்பாய் ஏடு."

மயிலம்மாள் குனிந்து விளிம்பைப் பார்த்தாள்.

"எத்தனை எழுத்தய்யா அது?"

கிராணி நகத்தால் தொட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து, பால்வெட்டும் உளியைத் தீட்டுகிற கல்லில் அந்த இடத்தை மட்டும் வைத்துத் தேய்த்தாள். பொழுது சாயும்வரை தேய்த்தாள். பெயர் தப்பியது, மற்றது போனது. சிப்பாய் இருளப்பனின் பேரன் என்று மறுநாள் கிராணி மனு எழுதிக் கொடுத்தார். சயாம் பட்டியலை எழுதியதும் அதே பேனாதான். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மயிலம்மாளும் சன்னாசியும் சிரம்பானுக்கு நடந்தார்கள். முகாம் வாசலில் ஹவில்தார் ராமசாமி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழைய மதராஸ் பட்டாளத்துக்காரர். மனுவைப் படித்தார். விளிம்பைப் பார்க்கவே இல்லை. பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் திருப்பினார், அவ்வளவுதான்.

"இது யாருக்குக் குடுத்ததும்மா?"

"சிப்பாய்க்குங்க."

"சிப்பாய்க்குக் குடுத்தது வெள்ளி. இது வெண்கலம். டோலிக்காரன், கழுத ஓட்டுனவன், இவங்களுக்குத்தான் வெண்கலம்."

மயிலம்மாள் கீழே பார்த்தாள். ஐம்பது வருஷமாக அது என்ன உலோகம் என்று யாரும் பார்த்ததில்லை. கழுவிய பிறகும் அவள் எழுத்தைத்தான் பார்த்தாள்.

அதுவரை வாய் திறக்காத சன்னாசி முன்னால் வந்தான்.

"ஆமாங்க, தாத்தா தூக்குறவருதான். நானும் தூக்குவேங்க. இங்க தூக்க ஆள் வேணாமுங்களா?"

ஹவில்தார் அவன் தோளைப் பார்த்தார். பிறகு குளிர்காய்ச்சலில் மண்ணீரல் வீங்கிய வயிற்றைப் பார்த்தார்.

"போப்பா," என்றார். குரலில் கோபம் இல்லை.

வியாழக்கிழமை விடியலில் லாரி நின்றது. கங்காணி பட்டியலைப் பிரித்தான். தன் பெயரைக் கூப்பிடுமுன்பே சன்னாசி ஏறிவிட்டான். அவள் அதைக் கேட்க வேண்டாம் என்றுதான்.

லாரி போன பிறகு அதே இடத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடந்தது. பெரட்டில் நிற்காதவர்களுக்கு அன்றைய அரிசி இல்லை. பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். மயிலம்மாள் என்றதும், "இருக்கேன்," என்றாள்.